வோல்டேஜ் எகிறியதில் கணினி அடிபட்டால் எது போயிற்று, எது பிழைத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி

போன கரண்ட் திரும்பி வந்தபோது விளக்குகள் ஒரு கணம் பளீரென்று எரிந்து அடங்கின, அல்லது பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது, அதற்கப்புறம் கணினியில் பேச்சு மூச்சு இல்லை. இந்த நேரத்தில் கை தானாகவே பவர் பட்டனுக்குத்தான் போகும். ஒரு தடவை அழுத்தி, இன்னொரு தடவை அழுத்தி, வேறு சாக்கெட்டில் சொருகி மறுபடியும் அழுத்திப் பார்ப்போம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பவர் சப்ளை முழுதாகச் செத்துப் போயிருந்தால் பரவாயில்லை, ஆனால் பாதி உயிரோடு இருந்தால் ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் அது மதர்போர்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் என்ன வோல்டேஜை அனுப்புகிறது என்று யாருக்கும் தெரியாது. முதல் அடியில் பிழைத்த பாகங்கள் பல நேரம் இந்த இரண்டாவது சுற்றில்தான் போகின்றன.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. சும்மா கிடக்கும் நல்ல ராம், நல்ல கிராபிக்ஸ் கார்டு, நல்ல மதர்போர்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து அடிபட்ட கணினியில் மாட்டிப் பார்ப்பது. சாதாரணக் கோளாறுக்கு அது நல்ல வழி. வோல்டேஜ் எகிறிய கேஸுக்கு அது ஆகாது, ஏனென்றால் இங்கே ஒரு பாகம் இன்னொரு பாகத்தைக் கொல்லும். அளந்து பார்த்து இது சரி என்று உறுதியாகாத எதனோடும் நல்ல பாகத்தைச் சேர்க்கக்கூடாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாலே பாதி நஷ்டத்தைத் தவிர்த்துவிடலாம்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? மின்சாரம் எந்தக் கம்பி வழியாக உள்ளே வந்திருக்கும் என்று யோசித்து, அந்த வழியிலேயே வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். சுவர் சாக்கெட், சர்ஜ் புரொடெக்டர் அல்லது யுபிஎஸ், பவர் சப்ளை, மதர்போர்டு, அப்புறம் மற்றவை. இது ஒரு வழி. ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் லேன் கேபிள் இன்னொரு வழி, பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

எல்லாவற்றையும் கழற்றுங்கள்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். மானிட்டர், பிரிண்டர், ஸ்பீக்கர், யுஎஸ்பியில் தொங்கும் எல்லாம், லேன் கேபிள், டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ, எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இப்போது பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள், பிறகு கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். காரணம் இருக்கிறது. நல்ல பவர் சப்ளைகளில் ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு இருக்கும், அது வேலை செய்தால் பவர் சப்ளை தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும், பிளக்கைப் பிடுங்கி உள்ளே இருக்கும் மின்சாரம் முழுக்க வடிந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். இப்படி விட்டு எடுத்ததிலேயே சில கணினிகள் எழுந்துவிடுவது உண்டு. எழுந்தாலும் சோதனையை நிறுத்திவிடாதீர்கள், கீழே சொல்கிறேன்.

கழற்றும்போதே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்பதற்கும் உதவும், வாரன்டி அல்லது இன்சூரன்ஸ் கேட்க வேண்டியிருந்தால் அதற்கும் உதவும்.

சுவர் சாக்கெட்டைப் பாருங்கள்

கணினியை மறுபடி மின்சாரத்தில் இணைக்கும் முன் சாக்கெட்டில் என்ன வருகிறது என்று தெரிய வேண்டும். 230 வோல்ட் பயன்படுத்தும் நாடுகளில் 207 முதல் 253 வரை இருந்தால் இயல்பு. மல்டிமீட்டரை மெயின்ஸில் வைத்துப் பழக்கம் இல்லையென்றால் நீங்கள் அளக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், எகிறல் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. இடியால் வருவது மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும், வந்த வேகத்தில் போய்விடும். ஆனால் மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ, 230 வர வேண்டிய சாக்கெட்டில் 400 வோல்ட்டுக்கு நெருக்கமாகக்கூட வரும், அது நொடிக்கணக்கில், நிமிஷக்கணக்கில் நிற்கும். 120 வோல்ட் வீடுகளில் இதே கோளாறு 240 வரை கொண்டுபோகும். இந்த வகையைச் சர்ஜ் புரொடெக்டரால் தாங்க முடியாது, அது நொடிக்கும் குறைவான தாக்குதலுக்காகச் செய்யப்பட்டது. ஆகவே வேறு அறைகளில் பல்பு, ஃபிரிட்ஜ், டிவி, சார்ஜர் என்று பல சாமான்கள் ஒரே நேரத்தில் போயிருந்தால், அல்லது ஓர் அறையில் விளக்கு மங்கலாகவும் இன்னோர் அறையில் அதிகப் பிரகாசமாகவும் எரிந்தால், நியூட்ரலைச் சந்தேகப்படுங்கள். அது சரியாகும் வரை எந்தச் சாமானையும் சொருகாதீர்கள். புது பவர் சப்ளை வாங்கி மாட்டினாலும் அதுவும் போகும்.

மூக்கும் கண்ணும்

கேஸின், அதாவது கணினிப் பெட்டியின், பக்கவாட்டு மூடியைத் திறந்து, கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். பவர் சப்ளையின் பின்பக்க ஜன்னலில் மூக்கை வைத்து முகருங்கள். கருகிய வாடை நாள் கணக்கில் நிற்கும். அடுத்து லேன் போர்ட்டில் முகருங்கள். சிரிக்காதீர்கள், இது நிஜமாகவே வேலை செய்யும் சோதனை. கேஸ் முழுக்க வாடை இல்லாமல் அந்தச் சின்னத் துளையில் மட்டும் கருகல் வந்தால், அடி எந்த வழியாக வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

மதர்போர்டில் வெடித்த சிப், நடுவில் ஊசி குத்தியது போன்ற சின்னக் குழி, பழுப்பேறிய போர்டு, உப்பிய கெப்பாசிட்டர் இவற்றைத் தேடுங்கள். சிபியு சாக்கெட்டைச் சுற்றி ஹீட்சிங்க்கின் கீழே இருந்து சிபியுவுக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட் என்ற சின்ன பாகங்கள், லேன் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சதுர சிப், யுஎஸ்பி போர்ட்டுகளின் அருகே இருக்கும் நுண்ணிய பாகங்கள், இவை மூன்றும் முக்கியமான இடங்கள். ஆனால் எதுவும் கண்ணில் படவில்லை என்பதால் எதுவும் ஆகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், செத்த சிப்புகளில் பெரும்பாலானவை வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும்.

பவர் சப்ளை: நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம்

மெயின்ஸ் வழியாக அடி வந்திருந்தால் முதலில் வாங்குவது இதுதான். உள்ளே ஃபியூஸும் வேரிஸ்டரும் இருக்கும். வோல்டேஜ் எல்லை மீறினால் வேரிஸ்டர் கடத்த ஆரம்பித்து, தானே ஷார்ட்டாகி, ஃபியூஸைப் போக வைக்கும். அதாவது பவர் சப்ளை முழுக்கச் செத்துக் கிடப்பது ஒரு வகையில் நல்ல செய்தி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கத்தையும் பிரித்து வைத்திருப்பதால் அடி முன்பக்கத்தோடு நின்றிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உயிரோடு இருந்துகொண்டு தாறுமாறாக வோல்டேஜ் தரும் பவர் சப்ளைதான் பயங்கரமானது.

ஒரு எச்சரிக்கை. பவர் சப்ளையின் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 முதல் 400 வோல்ட் வரை தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடியாது. ஃபியூஸ் மட்டும்தானே போயிருக்கிறது, மாற்றிவிடலாம் என்று நினைப்பதும் வீண், ஃபியூஸ் போனது வேறு ஏதோ ஷார்ட்டானதால்தான், புது ஃபியூஸ் போட்டு ஆன் செய்தால் டப்பென்று அதுவும் போகும்.

வெளியே இருந்தபடியே மல்டிமீட்டரால் செய்யும் சோதனை போதும். மீட்டர் டிசி 20 வோல்ட் நிலையில் இருக்கட்டும்.

முதலில் பவர் சப்ளையின் எல்லா ஒயர்களையும் மதர்போர்டு, டிரைவ், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றிலிருந்தும் கழற்றி அதைத் தனியாக வையுங்கள். இப்போது பிளக்கைச் சொருகி பின்னால் இருக்கும் சுவிட்சைப் போடுங்கள். 24 பின் கனெக்டரில் ஊதா ஒயர், அது 9ஆம் பின், அதற்கும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயருக்கும் நடுவே அளந்தால் 5 வோல்ட் வர வேண்டும், 4.75 முதல் 5.25 வரை சரி. இது ஸ்டாண்ட்பை வோல்டேஜ், கணினி அணைந்திருக்கும்போதும் எப்போதும் இருப்பது. பூஜ்யம் வந்தால் பவர் சப்ளை செத்துவிட்டது, மேற்கொண்டு அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் பவர் கார்டை மாற்றிப் பாருங்கள், கார்டின் பிளக்கிலேயே ஃபியூஸ் இருக்கும் வகையானால் அதையும் பாருங்கள். பின்னால் 115, 230 என்று சின்னத் தள்ளு சுவிட்ச் உள்ள பழைய மாடலானால் அது சரியான பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

5 வோல்ட் வந்தால் அடுத்த கட்டம். சுவிட்சை அணைத்துவிட்டு, பச்சை ஒயருக்கும் பக்கத்துக் கறுப்பு ஒயருக்கும் நடுவே வளைத்த பேப்பர் கிளிப்பைச் சொருகுங்கள். பச்சை 16ஆம் பின். இப்போது வரும் பவர் சப்ளைகளில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும், நிறத்தை நம்ப முடியாது, அப்போது இப்படி எண்ணுங்கள்: கிளிப் உள்ள பக்கத்து வரிசையில் 12 குழிகள், அவை 13 முதல் 24 வரை. அதில் ஒன்று ஒயர் இல்லாமல் காலியாக இருந்தால் அது 20. எந்த முனையிலிருந்து எண்ணினால் காலிக் குழி எட்டாவதாக வருகிறதோ அந்த முனையிலிருந்து நாலாவது குழி 16, அதன் இரண்டு பக்கமும் கிரவுண்ட். சந்தேகம் இருந்தால் நிறுத்திவிட்டு மதர்போர்டு கையேட்டில் படத்தைப் பாருங்கள், தப்பான இரண்டு பின்களை இணைப்பது நல்லதல்ல.

ஒரு பழைய கேஸ் ஃபேனை மட்டும் பவர் சப்ளையில் மாட்டி, சுவிட்சைப் போடுங்கள். பவர் சப்ளையின் சொந்த ஃபேன் சுற்றவில்லை என்பதை வைத்து அது செத்துவிட்டது என்று சொல்லாதீர்கள், சூடாகும் வரை ஃபேனைச் சுற்றவிடாத மாடல்கள் நிறைய வந்துவிட்டன. அளந்து பாருங்கள்:

மஞ்சள் 12 வோல்ட், 11.4 முதல் 12.6 வரை.
சிவப்பு 5 வோல்ட், 4.75 முதல் 5.25 வரை.
ஆரஞ்சு 3.3 வோல்ட், 3.14 முதல் 3.47 வரை.
சாம்பல் நிறம், 8ஆம் பின், எழுந்த கொஞ்ச நேரத்திலேயே 5 வோல்ட்டுக்கு அருகில்.

கடைசியாகச் சொன்ன சாம்பல் ஒயரை யாரும் அளப்பதில்லை, அதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். என் வோல்டேஜ் எல்லாம் சரி என்று பவர் சப்ளை மதர்போர்டுக்குச் சொல்லும் ஒயர் அது. ஃபேன்கள் சுற்றினாலும், 12 வோல்ட் வந்தாலும், இந்த ஒயரில் 5 வரவில்லை என்றால் மதர்போர்டு கிளம்பாது, ஆள் போய் மதர்போர்டைக் குறை சொல்வார்.

இதில் ஏதாவது ஒன்று எல்லைக்கு வெளியே இருந்தால், கொஞ்சம்தானே என்று பார்க்காமல், அந்தப் பவர் சப்ளையை ஓரமாக வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. சும்மா இருக்கும்போது 12.1 காட்டிவிட்டு, சுமை ஏறியதும் 11க்கு விழும் பவர் சப்ளைகள் உண்டு, அடிபட்ட பவர் சப்ளைகளில் இது சகஜம். அதனால் என் அபிப்பிராயம் என்னவென்றால், சந்தேகப்படும்படியான அடி என்று தெரிந்தால், அளவுகள் சரியாகவே இருந்தாலும் பவர் சப்ளையை மாற்றிவிடுவதுதான் நல்லது. கணினியில் மற்ற எல்லாவற்றையும் கொல்லக்கூடிய ஒரே பாகம் அது.

மதர்போர்டு

வேறு நல்ல பவர் சப்ளையை இணைக்கும் முன் மதர்போர்டில் ஷார்ட் இருக்கிறதா என்று பாருங்கள், மின்சாரம் எதுவும் இல்லாமல். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, சிபியு அருகே இருக்கும் 8 பின் அல்லது 4 பின் சாக்கெட்டின் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே அளங்கள். ஒரு வரிசை 12 வோல்ட், மற்றது கிரவுண்ட். முதலில் குறைவாகத் தொடங்கி எண் மெதுவாக ஏறினால் அது கெப்பாசிட்டர் நிறைவது, இயல்பு. பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், பெரும்பாலும் சிபியுவுக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட் ஷார்ட்டாகியிருக்கிறது. இது மோசமான நிலை, ஏனென்றால் அந்த மாஸ்ஃபெட் வழியாக 12 வோல்ட் நேராகச் சிபியுவுக்கே போயிருக்கலாம். சிபியு ஓடுவது ஏறத்தாழ ஒரு வோல்ட்டில். இப்படிப்பட்ட போர்டிலிருந்து எடுத்த சிபியுவை நல்ல போர்டில் போட்டுப் பார்க்கத் துணியாதீர்கள், அந்தப் போர்டு வீணானாலும் பரவாயில்லை என்றால் மட்டுமே செய்யுங்கள். சிபியுவைச் சுற்றியுள்ள காயில்களில் மீட்டரை வைத்தால் மிகக் குறைந்த ஓம் காட்டும், சில நேரம் பீப் அடிக்கும், அது சிபியுவின் இயல்பான அளவு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஷார்ட் இல்லையென்றால் போர்டைக் கேஸிலிருந்து எடுத்து அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். சிபியு, கூலர், ஒரே ஒரு ராம், அவ்வளவுதான். சிபியுவிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். டிரைவ், முன்பக்க யுஎஸ்பி, ஆடியோ ஒயர், எதுவும் வேண்டாம். சரிபார்த்த பவர் சப்ளையை மட்டும் இணையுங்கள்.

மீட்டரை மறுபடி டிசி 20 வோல்ட் நிலைக்கு மாற்றுங்கள். பவர் சுவிட்ச் மாட்டும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவரால் ஒரு கணம் தொட்டு, அதே நேரத்தில் 24 பின்னின் பின்பக்கமாகப் பச்சை ஒயரில் மீட்டரை வைத்துக் கவனியுங்கள். அணைந்திருக்கும்போது அதில் 3 முதல் 5 வோல்ட் இருக்கும். பட்டனை அழுத்தியதும் அது பூஜ்யத்துக்கு அருகில் இறங்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் மதர்போர்டு எழச் சொல்லிக் கேட்கவே இல்லை, கோளாறு போர்டில். இறங்கிவிட்டு, ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி, உடனே நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட், பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. இறங்கி, அப்படியே நின்று, ஃபேன்களும் ஓடி, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் மின்சாரம் சரி, சிபியு, ராம், பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) இவற்றின் பக்கம் பாருங்கள். கணினி ஆன் ஆகவில்லை என்ற ஒரே புகார் இந்த ஒரு ஒயரால் மூன்று வெவ்வேறு கோளாறுகளாகப் பிரிந்துவிடுகிறது.

பல போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு சின்ன விளக்குகள் இருக்கும், எதில் நிற்கிறதோ அங்கே பிரச்சினை. சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்தால் பீப் சத்தத்தை எண்ணிக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பேட்டரியைக் கழற்றி, பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சிமாஸை அழித்துப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள், எகிறலில் பயாஸ் அமைப்பு மட்டும் குழம்பிப் போயிருப்பது உண்டு. சிஆர்2032 பேட்டரியில் 3 வோல்ட் இருக்க வேண்டும்.

யுஎஸ்பி சாதனத்தில் ஓவர் கரன்ட் என்று எச்சரித்து, சில நொடிகளில் அணைந்துவிடுகிறதா? யுஎஸ்பி போர்ட் ஒன்றில் ஷார்ட். முன்பக்க ஒயரைக் கழற்றினாலே போய்விட்டால் கேஸின் போர்ட்தான் குற்றவாளி, மதர்போர்டு இல்லை.

லேன் வழி

கணினி நன்றாக ஓடுகிறது, இணையம் மட்டும் இல்லை. இடிக்குப் பிறகு இந்த ஒரு அறிகுறியோடு நிற்கும் கணினிகள் மிகச் சாதாரணம். டெலிபோன் லைன் அல்லது கேபிள் வழியாக மோடத்துக்கு வந்த அடி, ரவுட்டர் வழியாக லேன் கேபிளில் ஏறி மதர்போர்டின் லேன் சிப்புக்குப் போகும். லேன் போர்ட்டில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் உண்டு, அவை 1500 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை, இடி அதைப் பொருட்படுத்தாது. முழுக்க ஃபைபரில் வரும் இணைப்பானால் அந்த வழி அடைபட்டது, ஆனால் ஃபைபர் பெட்டியின் அடாப்டர் மெயின்ஸில்தானே இருக்கிறது, அந்த வழி திறந்தேதான் இருக்கும்.

கேபிளைச் சொருகினால் போர்ட்டின் விளக்கு எரிகிறதா, கேபிளே இல்லாமல் எரிகிறதா, விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டர் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு லேன் சிப்பைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் அது ஷார்ட். அப்படிப்பட்ட போர்டை நம்பாதீர்கள். சூடு இல்லை, வேலை மட்டும் செய்யவில்லை என்றால் பயாஸில் அந்த லேனை முடக்கிவிட்டு, யுஎஸ்பி லேன் அடாப்டரோ தனி கார்டோ போட்டுச் சமாளிக்கலாம். ரவுட்டரின் எந்த போர்ட்டில் கணினி இருந்ததோ அதையும், ரவுட்டரோடு லேனில் இணைந்த மற்ற எல்லாச் சாதனங்களையும் சோதியுங்கள்.

டிரைவ்களை எப்போது தொடுவது

பவர் சப்ளை சரி என்று உறுதியாகும் வரை டிரைவ்களை இணைக்கவே வேண்டாம் என்பதை மறுபடியும் சொல்கிறேன். மதர்போர்டு போனால் வாங்கிக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் படங்களும் கோப்புகளும் கடையில் கிடைக்காது.

கணினி எழுந்ததும் முதல் வேலை காப்பி எடுப்பது. ஸ்ட்ரெஸ் டெஸ்ட், டிரைவர் அப்டேட் எல்லாம் அப்புறம். முடிந்தால் டிரைவைக் கழற்றி, அடிபடாத வேறு கணினியில் யுஎஸ்பி அடாப்டர் மூலம் இணைத்து எடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் சுற்றவே இல்லையா? அதன் பச்சை போர்டில் 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் ஒவ்வொன்றாக டிவிஎஸ் டையோடு என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். வோல்டேஜ் எகிறினால் அது தானே ஷார்ட்டாகி மற்றதைக் காப்பாற்றும், அந்த ஷார்ட்டால் சில நேரம் கணினியே எழாது, டிரைவைக் கழற்றினால் உடனே எழும். ஷார்ட்டான டையோடை எடுத்துவிட்டால் டிரைவ் ஓடிவிடும் கேஸ்கள் நிறைய உண்டு, ஆனால் அதற்கப்புறம் பாதுகாப்பே இல்லாத டிரைவ் அது, டேட்டாவை எடுத்துவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டும். தகவல் உயிர் போல முக்கியம் என்றால் நீங்கள் கை வைக்காமல் டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொடுங்கள். அதே மாடலின் போர்டை வாங்கி மாற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், இன்றைய டிரைவ்களில் அது அப்படியே வேலை செய்யாது, ஒவ்வொரு டிரைவுக்கும் உரிய அளவுத்திருத்தத் தகவல் அந்தப் போர்டின் ரோம் சிப்பில் இருக்கிறது, அதையும் இடம் மாற்ற வேண்டும்.

எஸ்எஸ்டி காணாமல் போனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் அதன் உள்கணக்கு குழம்பியிருக்கலாம். சில சாட்டா எஸ்எஸ்டிகள், டேட்டா ஒயர் இல்லாமல் பவர் மட்டும் கொடுத்து அரை மணி நேரம் விட்டால் தங்களைத் தாங்களே சரிசெய்துகொண்டு வந்துவிடும்.

ஓடும் டிரைவ் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் பாருங்கள். 5, 197, 198 என்ற எண்கள் பூஜ்யத்திலிருந்து ஏறுவது கெட்ட செக்டார்கள். 199 ஏறினால் அது பெரும்பாலும் கேபிள் அல்லது மதர்போர்டின் சாட்டா போர்ட், டிரைவ் அல்ல.

ராம், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர்

ராமை ஒவ்வொன்றாகப் போட்டு மெம்டெஸ்ட்86+ குறைந்தது ஒரு முழுச் சுற்று, முடிந்தால் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். அதே ராம் வேறு ஸ்லாட்டில் சரியாக ஓடினால் ஸ்லாட்டை, அதாவது போர்டைச் சந்தேகப்படுங்கள்.

கிராபிக்ஸ் கார்டின் பவர் சாக்கெட்டிலும் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே முன்பு போலவே ஓம் அளவு பார்த்த பிறகே நல்ல கணினியில் போடுங்கள். மானிட்டரை வேறு சாதனத்தோடு தனியாகச் சோதியுங்கள். டிவியோடு எச்டிஎம்ஐ இணைத்திருந்து, டிவிக்கு வெளி ஆன்டெனாவோ கேபிளோ வந்தால், அந்த எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் போயிருக்க வாய்ப்பு அதிகம், மற்றொரு போர்ட்டில் படம் வருகிறதா பாருங்கள்.

லேப்டாப்

இங்கே கதை சுருக்கம். பெரும்பாலும் அடியை அடாப்டரே வாங்கிக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடுகிறதா பாருங்கள், ஓடினால் நிம்மதி, முதலில் காப்பி எடுங்கள். உருளை முனை அடாப்டரானால் அதன் மேல் அச்சிட்ட வோல்டேஜ், பெரும்பாலும் 19 அல்லது 20, மீட்டரில் வர வேண்டும். யுஎஸ்பி-சி சார்ஜரை இப்படி அளந்து ஏமாறாதீர்கள், எதிரில் சாதனம் இருந்து பேசினால்தான் அது வோல்டேஜ் கொடுக்கும், வெறும் முனையில் பூஜ்யம் காட்டுவது இயல்பு. சார்ஜரில் ஒரு போனை வைத்துப் பார்ப்பது சுலபம். புது அடாப்டர் போட்டும் சார்ஜ் ஏறவில்லை, ஆனால் பேட்டரியில் ஓடுகிறது என்றால் போர்டின் சார்ஜிங் பகுதி, அது சிப் அளவில் வேலை பார்ப்பவர் செய்ய வேண்டியது.

எழுந்துவிட்டது, அதற்கப்புறம்

எல்லாம் ஓடுகிறது என்றால் அடி படவில்லை என்று அர்த்தம் இல்லை. உள்ளே பலவீனமாகிப் போன சிப் வாரக்கணக்கில் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு போவது உண்டு. கொஞ்ச காலம் காப்பியை அடிக்கடி எடுங்கள், விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைப் பாருங்கள். கர்னல்-பவர் 41 என்பது கணினி ஒழுங்காக அணையாமல் நின்றது என்று மட்டுமே சொல்லும், சம்பவ நாளில் அது ஒன்று இருக்கத்தான் செய்யும், ஆனால் அதற்குப் பிறகும் புதிது புதிதாக வந்தால் பவர் பக்கம் ஏதோ இன்னும் சரியில்லாமல் இருக்கலாம். டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் வன்பொருள் பிழைகள் வந்தால் சிபியு, போர்டு, பிசிஐ இணைப்பு இவற்றில் ஒன்று. லினக்ஸில் கர்னல் பதிவில் இதே மாதிரி வன்பொருள் பிழைகள் தென்படும். சுமை கொடுத்துப் பாருங்கள், சிபியுவையும் கிராபிக்ஸையும் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டு, அப்போது மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் 11.4க்குக் கீழே போகிறதா என்று மீட்டரில் கவனியுங்கள். பயாஸ் காட்டும் எண்ணை இதற்கு நம்பாதீர்கள், அந்த சென்சார் துல்லியமானது அல்ல.

கடைசியாக, அடியை வாங்கிய சர்ஜ் புரொடெக்டரை மறுபடி பயன்படுத்த வேண்டாம். உள்ளே இருக்கும் வேரிஸ்டர் ஒவ்வொரு அடியிலும் தேய்கிறது, தேய்ந்து முடிந்த பிறகும் சாக்கெட்டில் கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டும் விளக்கு அணைந்திருந்தால் சந்தேகமே இல்லை, எரிந்தாலும் பெரிய அடிக்குப் பிறகு மாற்றிவிடுங்கள். எர்த் இல்லாத சாக்கெட்டில் அது பாதி வேலையைத்தான் செய்யும், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் வரும்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். யுபிஎஸ் இருந்தால், கணினியை மாட்டாமல் ஒரு பல்பை மாட்டி, யுபிஎஸின் பிளக்கைப் பிடுங்கி, பல்பு அணையாமல் எரிகிறதா என்று பார்த்த பிறகே கணினியை அதில் சேர்க்க வேண்டும்.